புட்டியின் பின்பக்கம்

குழந்தை எலி மருந்தை எடுத்து வாயில் வைத்துவிட்டது என்று தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். எலி மருந்து என்று ஊரில் சொல்வது ஒன்றுதான். உள்ளே இருப்பது ஒன்றல்ல. கட்டியாக வருவது பெரும்பாலும் புரோமாடையலோன். அது ரத்தத்தை உறையவிடாமல் செய்யும். வைட்டமின் கே கொடுத்துச் சரிசெய்யலாம். கருஞ்சாம்பல் தூளாக வருவது துத்தநாக பாஸ்பைடு. வயிற்றில் உள்ள அமிலம் பட்டதும் அது பாஸ்பீன் வாயுவாக மாறும். உடனே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும். டியூபில் வந்த பேஸ்ட் மஞ்சள் பாஸ்பரஸ். முதல் நாள் குழந்தை நன்றாக விளையாடும், வாந்திகூட நின்றுவிடும். “சரியாப் போச்சு, வீட்டுக்குப் போறோம்” என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்றாம் நாள், நான்காம் நாள் கண் மஞ்சளாகும், கல்லீரல் கெட்டுப்போயிருக்கும். ஒரே பெயரில் வந்த மூன்று குழந்தைகளுக்கும் மூன்று வைத்தியம். எது என்று சொல்லக்கூடியது அந்த அட்டையில், அந்த டியூபில் அச்சடித்த ஒரு வரி மட்டும்தான்.

நான் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். பிறந்தது விழுப்புரம் மாவட்டம் ஒலக்கூர் பக்கம், வாழ்க்கைப்பட்டது மயிலம் பக்கம். வீட்டில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் நெல்லும், ஒரு பட்டம் தர்பூசணியும் போடுகிறோம். அதனால் பூச்சி மருந்தை நான் இரண்டு இடத்தில் பார்த்துவிட்டேன்: கொல்லையில் டேங்குக்குள் ஊற்றுகிற இடத்தில், அப்புறம் ஆஸ்பத்திரிக் கட்டிலில். இரண்டு இடத்திலும் ஒரே குறைதான். ஊற்றுகிறவருக்கும் தெரியாது, கட்டிலில் கிடக்கிறவரின் வீட்டாருக்கும் தெரியாது, அதற்குள் என்ன இருந்தது என்று.

ஒரு நாள் ராத்திரி டியூட்டியில் நடந்ததைச் சொல்கிறேன். கூலிக்கு மருந்து அடிக்கிற ஒருவரை அவருடைய மச்சான் பைக்கில் நடுவில் உட்கார வைத்து, பின்னால் ஒரு பையன் பிடித்துக்கொள்ள, கொண்டுவந்தார்கள். வேர்த்துக் கொட்டுகிறது. வாயில் நுரை. கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. தொடையில் சதை தன்பாட்டுக்குத் துடிக்கிறது.

“என்னா மருந்து அடிச்சாரு?”

“தெரியல சிஸ்டர். ரெண்டு புட்டி. ஒண்ணு செகப்பு மூடி. கடைக்காரரே கலந்து அடிக்கச் சொன்னாராம்.”

அந்த உடம்பைப் பார்த்தாலே ஆர்கனோ பாஸ்பேட் வகை விஷம் என்று டாக்டருக்குப் புரிந்துவிட்டது. அதற்கு மாற்று மருந்தான அட்ரோபின் உடனே ஏறியது. நெஞ்சில் சளிச்சத்தம் அடங்கும்வரை அதைத் திரும்பத் திரும்ப ஏற்ற வேண்டும், அதோடு பிராலிடாக்சைம். ஆனால் இன்னொரு புட்டியில் என்ன? ராத்திரி பத்து மணிக்கு மேல் அந்தக் கடைக்காரரின் நம்பரைத் தேடிப் பிடித்தோம். அவர் தம்பி கடையைத் திறந்து, டார்ச் அடித்து, போனில் எழுத்துக் கூட்டி வாசித்தான். ஒன்று குளோர்பைரிபாஸ் 20 சதவீதம். மற்றொன்று குளோர்பைரிபாஸ் 50 சதவீதம், சைபர்மெத்ரின் 5 சதவீதம். இரண்டு கம்பெனி, இரண்டு வண்ணம், இரண்டு விலை. பிரதான விஷம் ஒன்றேதான். இரண்டு விதமான மருந்து அடிக்கிறோம் என்று நினைத்து ஒரே மருந்தை இரட்டிப்பாக அடித்திருக்கிறார். அவர் பிழைத்துக்கொண்டார். இப்போதும் அடிக்கிறார், டேங்குக்கு இவ்வளவு என்று கூலி. வேறு என்ன செய்வார்?

இது எப்படி நடக்கிறது என்றால், இந்தியாவில் பதிவு பெற்ற பூச்சிக்கொல்லி ரசாயனங்கள் 300-க்குச் சற்று மேல். ஆனால் கடைத் தட்டில் இருக்கும் பெயர்கள் ஆயிரக்கணக்கில். ஒரு ரசாயனத்தை ஒரு கம்பெனி முதலில் பதிவு செய்துவிட்டால், அதே ரசாயனத்துக்கு மற்றவர்களும் பதிவு வாங்கலாம். சட்டத்தில் அதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது. ஒவ்வொருவரும் புலி, வீரன், மின்னல் என்கிற மாதிரி ஒரு பெயர் வைக்கிறார்கள். அந்தப் பெயர் அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும். ரசாயனத்தின் பெயர் அதற்குக் கீழே அடங்கிப்போகும்.

சட்டம் வந்த கதையைச் சொன்னால்தான் இதன் அருமை தெரியும். 1958-ஆம் வருடம் ஏப்ரல், மே மாதங்களில் கேரளாவிலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் சாப்பாடு சாப்பிட்டுச் செத்தார்கள். கப்பலில் வந்த பாரத்தியான், அதாவது பாலிடால் என்று அன்றைக்கு விற்ற பூச்சிக்கொல்லி, கசிந்து கோதுமை மாவிலும் சர்க்கரையிலும் இறங்கியிருந்தது. நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் விசாரணை ஆணையம் போட்டார்கள். அதற்கப்புறமும் பத்து வருடம் கழித்துத்தான் 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. விதிகள் 1971-இல். செத்தவர்களில் ஒருவர்கூட விவசாயி என்கிற முறையில் சாகவில்லை. ரொட்டி சுட்டுத் தின்றவர்கள். பூச்சிக்கொல்லியில் என்ன இருக்கிறது என்பது வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் இடையில் உள்ள சமாச்சாரம் மட்டும் இல்லை என்று இந்தச் சட்டத்தின் பிறப்பே சொல்கிறது.

அந்த 1971 விதிகளில் 19-ஆவது விதியைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அட்டையில் வீரியமுள்ள மூலப்பொருளின் பெயர், அதோடு மற்றப் பொருள்களின் பெயர், ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் என்று போட வேண்டும் என்கிறது. இது சின்ன விஷயம் இல்லை. அமெரிக்காவில் வீரியமுள்ள பொருளின் பெயரை மட்டும் போட்டுவிட்டு, மிச்சத்தை “இதர பொருள்கள்” என்று ஒரே சதவீதத்தில் முடித்துக்கொள்ளலாம். அதைத் திறந்து காட்டு என்று அங்கே பல மாநில அரசு வழக்கறிஞர்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் 2006-இல் மனுப் போட்டார்கள். அவர்களுடைய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2009-இல் ஆலோசனையை ஆரம்பித்து, 2014-இல் கைவிட்டுவிட்டது. அவர்கள் கேட்டுக் கிடைக்காதது நம் விதிப் புத்தகத்தில் 1971 முதல் அச்சாகியிருக்கிறது.

கொல்லையில் வந்து சேர்வது வேறு. புட்டியின் கழுத்தில் ரப்பர் போட்டு ஒரு மடிப்புத்தாளைச் செருகியிருப்பார்கள். பிரித்துக்கொண்டே போனால் முறத்து அகலத்துக்கு விரியும். இந்தி, ஆங்கிலம், விற்கிற வட்டாரத்தின் ஒன்றிரண்டு மொழிகள் என்றுதான் விதி கேட்கிறது. ஆனால் எல்லா மாநிலத்துக்கும் ஒரே தாளை அச்சடித்துவிட்டால் கம்பெனிக்குச் செலவு மிச்சம். அதனால் குஜராத்தியிலிருந்து வங்காளம் வரைக்கும் எல்லாமும் இருக்கும். தமிழ் ஏதோ ஒரு மூலையில், என் மூக்குக்கண்ணாடிக்கும் எட்டாத எழுத்தில். எங்கள் வீட்டில் அதை என் பேரன் போனில் படமெடுத்து, பெரிதாக்கித்தான் படித்துக் காட்டினான். ரசாயனக் கலவை என்ற தலைப்பின் கீழே வீரியப் பொருளுக்குத் துல்லியமாகச் சதவீதம் இருந்தது. அதற்கடுத்து குழம்பாக்கி என்று ஒன்று. கடைசியில் கரைப்பான், “தேவையான அளவு”. எந்தக் கரைப்பான்? அது அங்கே இல்லை. ரசாயனத்தின் பெயரையும் சதவீதத்தையும் கேட்கிற விதிக்கு, பொருளின் வேலையை மட்டும் சொல்லிவிட்டுப் போவது பதிலாகாது.

கரைப்பான்தானே, அதில் என்ன என்று கேட்பவர்களுக்கு டைமெத்தோயேட்டின் கதையைச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் மல்லாட்டையில் அசுவினிக்கு அடிப்பார்களே, ரோகார் என்று பழைய ஆட்கள் சொல்வது, அதுதான். இலங்கையில் அநுராதபுரம், பொலன்னறுவை ஆஸ்பத்திரிகளில் விஷம் ஏறி வந்த நோயாளிகளோடு பல வருடம் வேலை பார்த்த மைக்கேல் எடில்ஸ்டன் என்ற மருத்துவர், 2012-இல் சக ஆராய்ச்சியாளர்களோடு ஓர் ஆய்வை வெளியிட்டார். டைமெத்தோயேட் திரவத்தைப் பன்றிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அதில் கரைப்பானாக இருந்தது சைக்ளோஹெக்சனோன். ரத்த அழுத்தம் விழுந்து, உடம்பு சீர்குலைந்தது. டைமெத்தோயேட்டை மட்டும் தனியாகக் கொடுத்தபோதும், கரைப்பானை மாற்றிய புதிய கலவையைக் கொடுத்தபோதும் அந்த அளவுக்குக் கெடுதல் இல்லை. அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிற பொருளோடு சேர்ந்து, பெயரில்லாமல் ஓரத்தில் நின்ற பொருளும் ஆளைச் சாய்க்கிறது. களைக்கொல்லி கிளைபோசேட்டிலும் இதே கதைதான்; இலையில் ஒட்டுவதற்காகச் சேர்க்கிற பிஓஇஏ என்ற பொருளைக் கிளைபோசேட்டோடு சேர்க்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2016-இல் தடுத்துவிட்டது. “இதர பொருள்” என்று ஒதுக்கியது எதுவும் சும்மா இருக்கவில்லை.

இதெல்லாம் வியாபார ரகசியம், போட்டிக் கம்பெனி பார்த்துவிடும் என்று ஒரு வாதம் உண்டு. ரசாயனம் தெரிந்த போட்டிக்காரர் ஒரு புட்டியை வாங்கிச் சோதனைக்கூடத்தில் கொடுத்தால் உள்ளே என்ன என்பது அவருக்குத் தெரிந்துபோகும். தெரியாமல் நிற்பது டேங்கைத் தோளில் மாட்டியவரும், அவருக்கு ஊசி போடுகிறவரும்தான். 1984 டிசம்பர் 2-ஆம் தேதி ராத்திரி போபாலில் நடந்ததும் பூச்சிக்கொல்லித் தொழிற்சாலையில்தான். கார்பரில் தயாரிக்க வைத்திருந்த மெத்தில் ஐசோசயனேட் கசிந்து, ஆயிரக்கணக்கானவர்கள் கண்ணைப் பொத்திக்கொண்டு ஹமீதியா ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தார்கள். அங்கே இருந்த டாக்டர்களுக்கு எந்த வாயு என்றே தெரியாது. அந்த நர்சுகளை நான் அடிக்கடி நினைப்பேன்.

இப்போது புட்டியில் அச்சடித்திருக்கும் வண்ண முக்கோணத்துக்கு வருகிறேன். படிக்கத் தெரியாதவரும் தெரிந்துகொள்ளட்டும் என்று வைத்த நல்ல ஏற்பாடு அது. சிவப்பு மிகக் கடும் விஷம், மஞ்சள் கடும் விஷம், நீலம் மிதமானது, பச்சை குறைவானது. திண்டிவனம் செஞ்சி ரோட்டில் எந்த மருந்துக் கடையில் கேட்டாலும் இந்த வரிசையைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்த நிறத்தை எதை வைத்துக் கொடுக்கிறார்கள்? சோதனை விலங்குகளில் பாதி சாவதற்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் தேவை என்ற கணக்கு. 50 வரைக்கும் சிவப்பு, 500 வரைக்கும் மஞ்சள், 5,000 வரைக்கும் நீலம், அதற்கு மேல் பச்சை. வருடக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோலில் பட்டால் என்ன ஆகும், வயிற்றுப் பிள்ளைக்கு என்ன ஆகும், வைத்தியம் இருக்கிறதா இல்லையா, இவை எதுவும் அந்த நிறத்தில் இல்லை.

பாராகுவாட் களைக்கொல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முக்கோணம் மஞ்சள். சிவப்பு முக்கோணம் போட்ட மோனோகுரோட்டோபாசுக்கு ஆஸ்பத்திரியில் அட்ரோபின் இருக்கிறது. பாராகுவாட் நுரையீரலைத் தழும்பாக்கிக்கொண்டே போகும். அதற்கு இன்றுவரை மாற்று மருந்து இல்லை. மற்ற நோயாளிக்கு மூச்சுத் திணறினால் முதலில் ஆக்சிஜன் வைப்போம். இங்கே ஆரம்பத்தில் தாராளமாக ஆக்சிஜன் வைத்தால் கேடு கூடும். பெயர் தெரியாவிட்டால் நல்லது செய்கிறோம் என்றே கெடுதல் செய்துவிடுவோம். சிவப்பை விட மஞ்சள் பரவாயில்லை என்று நினைத்து, ஒழுகுகிற டேங்கை வெறும் முதுகில் மாட்டிக்கொண்டு வரப்பில் களைக்கொல்லி அடிக்கிறவர்களை நான் இன்றும் பார்க்கிறேன். சட்டை நனைந்ததும் கழற்றிக் கழுவுங்கள் என்று கத்திவிட்டுத்தான் தாண்டிப் போவேன்.

2023 தொடக்கத்தில் தமிழக அரசு மஞ்சள் பாஸ்பரஸ் எலி பேஸ்டைத் தடை செய்தது. கூடவே மோனோகுரோட்டோபாஸ், புரபெனோபாஸ், அசிபேட், குளோர்பைரிபாஸ் ஆகியவற்றையும் சைபர்மெத்ரின் சேர்ந்த இரண்டு கலவைகளையும் 60 நாளுக்கு நிறுத்தி வைத்தது. மனமாரப் பாராட்ட வேண்டிய காரியம். ஏன் 60 நாள் என்றால், 1968 சட்டத்தின் 27-ஆவது பிரிவு மாநிலத்துக்குக் கொடுத்திருக்கும் அதிகாரம் அவ்வளவுதான், விசாரணை முடியாவிட்டால் கொஞ்ச நாள் நீட்டிக்கலாம்; நிரந்தரமாக நிறுத்துவது டில்லியின் கையில். அந்த ஆணையில் இருந்தது ரசாயனப் பெயர்கள். எங்கள் ஊரில் யாருக்கும் தன் வீட்டுத் திண்ணைக்கடியில் இருக்கும் புட்டி அந்த ஆறில் ஒன்றா என்று தெரியவில்லை. தடைப் பட்டியலும் கடைத் தட்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாத பெயர்களில் இருந்தால், நல்ல ஆணையும் வீடு வந்து சேராது.

இப்படித் தடை செய்வதை இலங்கை கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து காட்டியது. அங்கே பூச்சிக்கொல்லிப் பதிவாளர் என்று ஓர் அதிகாரி இருக்கிறார். மோனோகுரோட்டோபாஸ் 1995-இல், எண்டோசல்பான் 1998-இல், அப்புறம் 2008-இலிருந்து பாராகுவாட், டைமெத்தோயேட், பென்தியான் என்று படிப்படியாக எடுத்துவிட்டார்கள். உயிரை மாய்த்துக்கொள்வோர் விகிதம் அங்கே மிகவும் குறைந்தது, விளைச்சல் விழவில்லை. எதை எடுப்பது என்று அவர்களால் முடிவு செய்ய முடிந்ததற்குக் காரணம், ஆஸ்பத்திரிக்கு வந்த பலரின் உடம்பில் எந்த ரசாயனம் என்று எழுதி வைத்திருந்ததுதான். நம் கேஸ் சீட்டில் “பூச்சி மருந்து, பெயர் தெரியவில்லை” என்று எழுதிய கைகளில் என் கையும் ஒன்று. அப்படி எழுதுகிற ஒவ்வொரு சீட்டும் நாட்டுக்கணக்கிலிருந்து விடுபட்டுப் போகிறது.

டானிக் என்று விற்கிறார்களே, அதையும் சொல்லிவிடுகிறேன். பூ பிடிக்க, காய் பெருக்க என்று கடைக்காரர் மருந்தோடு சேர்த்துக் கையில் திணிப்பது. பயிர் ஊக்கிகள் என்ற பெயரில் வரும் இவற்றை 2021-இல்தான் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்தார்கள். அதுவரை ஏறக்குறைய 30,000 பொருள்கள் கேட்பாரில்லாமல் விற்றன என்று 2025 ஜூலையில் ஒன்றிய வேளாண் அமைச்சரே சொன்னார். முக்கோணமும் பதிவு எண்ணும் இல்லாத புட்டி எதுவானாலும், இயற்கை, மூலிகை என்று எழுதியிருந்தாலும், அதைத் தொடாதீர்கள். வேம்பு என்று எழுதி உள்ளே வேறு எதையாவது கலந்திருந்தால் அதைக் கண்டுபிடிக்க ஆஸ்பத்திரியில் எந்தக் கருவியும் இல்லை.

இந்தக் கட்டுரையைப் படிக்கிற விவசாயிகள் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வாங்கியதும், மூடியைத் திறக்கும் முன், புட்டியின் பின்பக்கத்தைப் போனில் படமெடுங்கள். ரசாயனப் பெயர், சதவீதம், மாற்று மருந்து என்று போட்டிருக்கிற வரி, இவை தெளிவாக விழ வேண்டும். அந்தப் படத்தை வீட்டுப் பெண்களின் போனுக்கும், அடிக்க வருகிற ஆளின் போனுக்கும் அனுப்புங்கள். வேறு புட்டிக்கு, முக்கியமாகக் கூல்டிரிங்ஸ் பாட்டிலுக்கு, மாற்றவே மாற்றாதீர்கள். பில் கேட்டு வாங்குங்கள். ஏதாவது ஆகிவிட்டால் 108-ஐக் கூப்பிடும்போதே பெயரைச் சொல்லுங்கள். முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்குப் போனாலும் புதுச்சேரி ஜிப்மர் போனாலும் அந்தப் படத்தை முதலில் நீட்டுங்கள். டில்லி எய்ம்ஸில் தேசிய நச்சுத் தகவல் மையம் இருக்கிறது. 1800 116 117 என்ற இலவச எண்ணில் டாக்டர்களும் பொதுமக்களும் பேசலாம்.

ஆனால் எல்லாவற்றையும் விவசாயி தலையில் கட்டிவிட்டு நான் எழுந்துபோக மாட்டேன். எழுத்தைப் பெரிதாக்க வேண்டியது கம்பெனி. கரைப்பானின் பெயரைப் போட வைக்க வேண்டியது மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியமும் பதிவுக் குழுவும். பூச்சிக்கொல்லி மேலாண்மை மசோதா 2008-இலும் 2020-இலும் நாடாளுமன்றத்தில் வந்தது, சட்டமாகவில்லை. மறுபடி வரும்போது அதில் இந்த ஒரு வரி இருக்கிறதா என்று நம் எம்.பி.க்கள் பார்க்க வேண்டும்.

விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கிற விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு நான் ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். மாவட்டத்தில் உள்ள ஒவ்வொரு மருந்துக் கடையின் வாசலிலும் தமிழில் ஒரு பலகை: புட்டியின் பெயர், உள்ளே இருக்கும் ரசாயனங்கள் அத்தனையும், ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம், மாற்று மருந்து உண்டா இல்லையா. அதே பட்டியலின் ஒரு நகல் ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும், விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவிலும் இருக்க வேண்டும். புதுச் சரக்கு வந்தால் கடைக்காரர் அன்றைக்கே சேர்த்து எழுத வேண்டும். மயிலம், ஒலக்கூர், மரக்காணம், வானூர் பக்கத்தில் மருந்து அடிக்கிறவர்களின் கையெழுத்து அதற்கு வேண்டும், நிலம் வைத்திருக்கிறவர்களுடையது மட்டும் போதாது. கைநாட்டு வைப்பவர்களும் வாருங்கள்.